ஆவுளியா: படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

பாக் விரிகுடா கரையோர ஊர்களில், பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ திரை கட்டி, கடலைப் பற்றிய ஆவணப்படங்களைக் காட்டி வருகிறேன். திமிங்கலம், சுறா, பவளப்பாறை எல்லாம் வரும்போது கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். கடற்பசு திரையில் வந்ததும் கதை மாறிவிடும். "இது நம்ம ஆவுளியா" என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்புறம் கேள்விதான். திரும்பத் திரும்ப வருகிறவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆவுளியா, கடற்பசு, கடல்பன்றி எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். புத்தகத்திலும் அரசு ஆணையிலும் கடற்பசு. கடற்கரையில் ஆவுளியா, சில இடங்களில் ஆவுரியா. ஆங்கிலக்காரர்கள் சொல்லும் 'டூகாங்' மலாய் மொழியிலிருந்து போனது. பழந்தமிழில் 'ஆ' என்றால் பசு. ஆவுளியாவில் இருப்பது அந்த 'ஆ'தான் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் மொழி ஆராய்ச்சி செய்கிறவன் இல்லை.

அது மீன் இல்லையா?

இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற விலங்கு. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். நிலத்தில் இருக்கிற விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. பையன்கள் இதை நம்பவே மாட்டார்கள். பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு நடுவே. யானைக்கு முலை முன்னங்கால்களுக்கு நடுவே. ஆவுளியாவுக்கும் முன்துடுப்பின் கக்கத்தில்தான் முலை. இதைச் சொன்னதும் பாட்டிமார்கள் தலையை ஆட்டுவார்கள். அவர்களில் சிலர் பார்த்திருக்கிறார்கள்.

நன்றாக வளர்ந்தது மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் இருக்கும். எழுபது வயதுவரை வாழக்கூடியது.

கடற்கன்னிக் கதைக்கும் இந்த இனம்தான் காரணம் என்பார்கள். 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் கடலில் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும் குறித்து வைத்தார். அவர் பார்த்தது ஆவுளியாவின் உறவான மனாட்டியாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்த மனிதர், பாவம்.

படத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, நம் கடல் அப்படி இல்லையே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. முதலில் கேட்டது ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண். "சார், இது எங்க ஊரு கடல் இல்லை, பொய்" என்றாள். அவள் சொன்னது பாதி சரி.

ஆவணப்படங்களில் நாம் அடிக்கடி பார்க்கிற ஆவுளியா காட்சிகள் பல எகிப்தில், செங்கடல் கரையில் உள்ள மர்சா ஆலம் பக்கம் எடுத்தவை. அங்கே தண்ணீர் தெளிவு, மூழ்குபவர்கள் நிறைய, விலங்குகளுக்கும் ஆள் பழக்கம். மணலில் மூக்கை வைத்துப் புல் மேய, சுற்றி மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட குட்டி மீன்கள் கூடவே ஓடுகிற காட்சி நினைவிருக்கும். அவை பாரை இனத்துக் குஞ்சுகள். ஆவுளியா மண்ணைக் கிளறும்போது வெளியே வருகிற சிறு உயிர்களைத் தின்னவும், பெரிய உடம்பின் மறைவில் பத்திரமாக இருக்கவும் ஒட்டிக்கொண்டு போகும். மாட்டின் பின்னால் கொக்கு போகிற மாதிரி.

பாக் விரிகுடா வேறு. சராசரி ஆழமே ஒன்பது, பத்து மீட்டர்தான். அடியில் சேறும் மணலும். சோளகம் என்கிற தென்காற்று வீசினால் ஒரு பக்கம் கலங்கும், வாடை வீசினால் மறுபக்கம். கேமராவைத் தண்ணீருக்குள் நீட்டினால் பச்சைக் குழம்புதான் தெரியும். அதனால் இங்கே எடுக்கிறவர்கள் ட்ரோனை நம்புகிறார்கள். காற்று அடங்கிய காலையில் மேலிருந்து பார்த்தால் கரும்பச்சைப் புல்வெளியும், அதன் நடுவே வெளிர்க் கோடுகளாக மேய்ந்த தடங்களும் தெரியும். ஆவுளியாவைவிட அதன் தடத்தைப் பார்ப்பது சுலபம். நம் கடலில் எடுத்த அந்தக் கலங்கலான படத்தையும் நான் சேர்த்தே காட்டுகிறேன். அழகாக இருக்காது, ஆனால் யாரும் பொய் என்று சொல்வதில்லை.

பசு மாதிரி கத்துமா?

கத்தாது. கீச்சிடும். ஆமாம், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குருவி மாதிரிச் சத்தம். நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கீச்சொலி, சீழ்க்கை, சில நேரம் குரைப்பு போல ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆவணப்படத்தில் மீன் திரும்பும்போது 'சளக்', புல்லைக் கடிக்கும்போது 'மொறுக்' என்றெல்லாம் கேட்கிறதே, அவற்றில் பெரும்பாலானவை அப்புறம் ஸ்டுடியோவில் சேர்த்தவை. கேமரா இருக்கிற இடத்தில் அந்தச் சத்தம் அப்படிக் கேட்காது. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளிடம் மறைக்கவும் மாட்டேன்.

கடலில் பார்த்தால் ஓங்கிலா (டால்பினா), ஆவுளியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓங்கிலுக்கு முதுகில் துடுப்பு உண்டு. துள்ளும், படகோடு பந்தயம் வைக்கும். ஆவுளியாவுக்கு முதுகு மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில். அதை மட்டும் மேலே நீட்டி, புஸ் என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அமுங்கிவிடும். வால் இரண்டு பிரிவாக, ஓங்கிலின் வால் போலத்தான் இருக்கும். அதனால் வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என்ன தின்னும்? அது தின்றே புல் தீர்ந்துவிடாதா?

கடல்புல். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ. மேல் இலையை மட்டும் கடிக்காமல், வாயைத் தரையில் அழுத்தி வேரோடு பிடுங்கும். ஒரு சாண் அகலத்தில், சில மீட்டர் நீளத்துக்கு மொட்டைத் தடம் விழும். பார்த்தால் நாசம் செய்த மாதிரித்தான் தெரியும்.

ஆனால் அதற்குப் பிடித்தது மென்மையான, சீக்கிரம் படர்கிற சிறு புற்கள். தடத்தின் இரு ஓரத்திலிருந்தும் அவை மறுபடி ஓடி மூடிக்கொள்ளும். கிளறின மண்ணில் புதுத் தளிர், சாணியில் உரம், சாணியோடு போகிற விதை. மாடு மேய்ந்த தரிசும் மழைக்குப் பின் துளிர்க்கிறதே, அதே கணக்கு. மேய்ந்து ஒரு புல்வெளி அழிந்ததாக நான் கேட்டதில்லை. அடியைச் சுரண்டுகிற இழுவை மடியாலும் (விசைப்படகு இழுத்துப் போகிற பை வலை), நங்கூரத்தாலும், சேறு கலங்கி வெயில் படாமலும் அழிவதைத்தான் பார்க்கிறோம்.

கடல்பாசியும் கடல்புல்லும் ஒன்றுதானே?

இல்லை, இது நிறையப் பேர் குழப்பிக்கொள்வது. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடல்புல் நிலத்தில் இருக்கிற செடி மாதிரியே வேர், இலை, பூ, விதை எல்லாம் உள்ள தாவரம். தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீரிலேயே மகரந்தம் போகும். நம் கரையில் அதைத் தாழை என்பார்கள். கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் கரையில் மெத்தை மாதிரி ஒதுங்கிக் கிடக்குமே, அதுதான். தமிழ்நாட்டுக் கடலில் பத்துக்கும் மேற்பட்ட வகை உண்டு.

ஆவுளியாவுக்காகப் புல்லைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இறால் குஞ்சு, நண்டு, ஓரா மீன், கடல் குதிரை எல்லாம் வளர்கிற தொட்டில் அந்தப் புல். ஓரா பிடிக்கிறவரிடம் போய் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று பேசினால் எழுந்து போய்விடுவார். தாழை இல்லாத இடத்தில் ஓரா உண்டா என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

மொத்தம் எத்தனை இருக்கும்?

இந்தியக் கடல் முழுவதற்கும் சேர்த்து 200 முதல் 250 என்பதுதான் வழக்கமாகச் சொல்கிற மதிப்பீடு. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார், இவ்வளவுதான் அவை இருக்கும் இடங்கள். அந்தமான் நிக்கோபாருக்கு அது அரசு விலங்கு. உலகத்தில் அதிகம் இருப்பது ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில். சீனக் கடலில் நடைமுறையில் அற்றுப்போய்விட்டது என்று 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயம் தருவது பெருகுகிற வேகம். வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருடம் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். எல்லாம் நன்றாக அமைந்தால்கூட ஒரு கூட்டம் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. 200 இருந்தால் கூடுவது பத்து. அதுவும் வலையில் ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால்.

முன்னெல்லாம் சாப்பிட்டார்களாமே?

சாப்பிட்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. இறைச்சி ருசி என்பதாலும் மருந்து என்ற நம்பிக்கையாலும் நல்ல விலை போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில், ஆவுளியாவும் இருக்கிறது. பிடித்தால், விற்றால், வாங்கினால் சிறை. வேண்டுமென்று வேட்டையாடுவது இப்போது மிகக் குறைவு. தெரியாமல் வலையில் படுவதுதான் பிரச்சினை.

வேட்டை எவ்வளவு சீக்கிரம் ஒரு விலங்கை முடித்துவிடும் என்பதற்கு இந்தக் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வட பசிபிக்கில் ஸ்டெல்லர் கடற்பசு என்று எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒன்று இருந்தது. 1741-ல் கண்டுபிடித்தார்கள். 1768-ல் ஒன்றுகூட இல்லை.

வலையில் மாட்டினால் என்ன ஆகும்?

எந்த வலை என்பதைப் பொறுத்தது.

திருக்கைக்குப் போடுகிற பெரிய கண்ணி வலை என்றால், சாயங்காலம் விட்டு விடியற்காலை வாங்குவார்கள். ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்கியாக வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சிக்கினால் எட்டேகாலுக்குள் செத்திருக்கும். விடிந்து வலை வாங்குகிறவர் பார்ப்பது பிணத்தை. அவர் மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கரைவலை வேறு. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்று இழுப்பார்கள். மிதப்புக் கட்டைகள் மேலே தெரியும், வலை மெதுவாகக் கரைக்கு வரும். உள்ளே இருக்கிற ஆவுளியா மேலே வந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் தெரிவது பாரம். மீன் பாரம் சீராக இருக்கும்; இது திமிறும், விடும், மறுபடி திமிறும். அப்புறம் அந்த 'புஸ்'. இழுப்பதை நிறுத்திவிட்டு நான்கைந்து பேர் இறங்கி, மேல் கயிற்றைத் தோளால் அமுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் தள்ளி வழிவிடுவார்கள். சிக்கியிருந்தால் கத்தி எடுத்து வலையை அறுக்க வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. தலை தண்ணீருக்குள் அமுங்கிச் செத்துப்போகும்.

அது வெளியே போகும்போது மடியில் இருந்த மீனும் போகும். அறுத்த வலையை மறுநாள் உட்கார்ந்து கட்ட வேண்டும், அன்றைக்குத் தொழில் இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரைகளில் சில ஆண்டுகளாக இப்படி விடுவித்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. விடுவித்தவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் பாராட்டும் தருகிறது. என் அபிப்பிராயம்: பொன்னாடை போர்த்துவதைவிட, கிழிந்த வலையின் விலையை அந்த வாரமே கையில் கொடுப்பது நல்லது. இந்தியாவில் ஆவுளியா மிஞ்சுமா என்பதைத் தீர்மானிக்கிறவர் கழுத்தளவுத் தண்ணீரில், கையில் கத்தியோடு, யாருடைய வலை என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பக்கம் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

பாதுகாப்பகம் வந்தால் மீன்பிடிக்கத் தடையா?

கூட்டத்தில் கொஞ்சம் கோபத்தோடு வருகிற கேள்வி. விஷயம் இதுதான்: 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். அதில் 12,000 ஹெக்டேருக்கு மேல் கடல்புல். மீனவர்களுக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அறிவிக்கும்போதே அரசு சொன்னது. ஏற்கெனவே இருக்கிற மீன்பிடிச் சட்டம் அப்படியே தொடரும்.

பயம் வருவதற்குக் காரணம் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. 1986-ல் வந்தது, தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அங்கே தீவில் இறங்கத் தடை உண்டு, பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு அதனால் கஷ்டமும் உண்டு. தேசியப் பூங்கா வேறு, பாதுகாப்பகம் வேறு. ஆனாலும் 'இன்றைக்கு இது, நாளைக்கு அது' என்று ஒருவர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த 21-ல் இரண்டு தீவுகள், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் தண்ணீருக்குள் போய்விட்டன என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன்.

அப்போ எல்லாவற்றுக்கும் இழுவைப் படகுதான் காரணமா?

பெரிய காரணங்களில் ஒன்று. மடியின் அடிக்கயிறு புல்லைச் சுரண்டிக்கொண்டு போகும், கிளம்புகிற சேறு பக்கத்துப் புல்லின் வெயிலையும் மறைக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் இதை நாற்பது வருடமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் பாக் விரிகுடாவில் இழுவை மடி போடுகிற விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஏற்பாடு வந்தது.

ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவரைத் திரையில் வில்லனாகக் காட்டுகிற படங்களை நான் போடுவதில்லை. 1960-களிலிருந்து அரசே கடனும் மானியமும் கொடுத்து, இறாலுக்குப் போ என்று அனுப்பிய தொழில் அது. 2017-ல் அரசு 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் கொண்டுவந்தது. மூன்று வருடத்தில் முடிக்க வேண்டியது, முடியவில்லை. படகின் விலை, கடன், நாள்கணக்கில் கடலில் தங்கும் வேறு மாதிரித் தொழில் என்று தடங்கல்கள். அதுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

இலங்கைப் பக்கமும் இருக்கிறதா?

இருக்கிறது. விரிகுடா ஒன்று, புல்வெளி ஒன்று, நடுவில் இருப்பது வரைபடக் கோடு மட்டும். மன்னார்ப் பக்கம் அங்கும் ஆவுளியா வலையில் சிக்குகிறது, சட்டப்படி அங்கும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இலங்கை 2017-ல் இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்கத்து விசைப்படகுகள் இரவில் அங்கே போய் இழுக்கும்போது, போரில் எல்லாம் இழந்து மறுபடி வலை கட்டிய வடபகுதித் தமிழ் மீனவர்களின் வலைதான் கிழிகிறது. இதை இங்கே சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொட்டியில் வைத்து வளர்த்தால் என்ன?

செய்து பார்த்தார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் ஆவுளியாக்களை வைத்திருந்தார்கள். அதன் நடத்தையைப் பற்றி அன்றைக்குத் தெரிந்துகொண்டதில் பல அங்கிருந்து வந்தவை. தினமும் அவ்வளவு புல்லுக்கு எங்கே போவது? உலகத்தில் இப்போது காட்சிசாலைகளில் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

புல்லை நட்டு வளர்ப்பது நடக்கிற காரியம். மூங்கில் சட்டத்தில் தேங்காய்க் கயிறு கட்டி, அதில் புல் துண்டுகளை முடிந்து, ஆழமில்லாத இடத்தில் கடலடியில் பதிப்பார்கள். புல் வேர் பிடிப்பதற்குள் கயிறும் மூங்கிலும் மக்கிவிடும், பிளாஸ்டிக் மிஞ்சாது.

நேரில் போனால் பார்க்கலாமா?

வாய்ப்பு மிகக் குறைவு. முப்பது வருடம் கடலுக்குப் போனவர்களில் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்தேன் என்கிறவர்கள் உண்டு. ஆவுளியா காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள், அது நன்றாக இருக்கும். மல்லிப்பட்டினம் பக்கம் போனால் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா என்ற எட்டு அடுக்குக் கோபுரத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து தெரிகிற கடல்தான் பாதுகாப்பகம். உள்ளே என்ன மேய்கிறது என்பது தெரியாது, அவ்வளவுதான்.

கரை ஒதுங்கியதைப் பார்த்தால் என்ன செய்வது?

உயிரோடு இருந்தால்: கூட்டத்தை விலக்குங்கள், ஈரச் சாக்கு போர்த்துங்கள், மூக்குத் துவாரத்தில் தண்ணீரோ மணலோ போகாமல் பாருங்கள், வனத்துறைக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்லுங்கள். மேலே ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். செத்திருந்தால் புதைக்கும் முன் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் எப்படிச் செத்தது, வயிற்றில் என்ன புல் இருந்தது என்பது தெரியும்.

அடுத்த படம் எப்போது போடுவீர்கள்?

மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வலை கட்டிக்கொண்டு ஆட்கள் ஊரில் இருப்பார்கள். மே 28 உலகக் கடற்பசு நாள், அதுவும் அதற்குள் வந்துவிடும். இருட்டின பிறகு ஏழரை மணிக்குத் தொடங்குவோம். போன தடவை சோளகக் காற்று திரையைக் கிழித்துவிட்டது. இந்த முறை பின்னால் பழைய வலையை வைத்துக் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.